கரிசல் சேற்றில் ஓட்டிய வண்டியைக் கழுவுவது எப்படி? பின் சக்கர பேரிங் நிற்கவே மாட்டேன் என்கிறது

கரிசல்தடம் | விளாத்திகுளம் | எக்ஸ்பல்ஸ் 200 4வி

வணக்கம் நண்பர்களே. ஐப்பசி மழை இறங்கிவிட்டால் எங்கள் பக்கம் காட்டுப் பாதைகளில் ஓட்டுவதற்கு அருமையான காலம். தூசி இருக்காது, ஓடைகளில் கணுக்கால் தண்ணீர் போகும். ஆனால் மண் கரிசல். கொஞ்ச தூரம் போனாலே டயர் பட்டன்களுக்கு நடுவில் மண் அடைத்து டயர் வழுவழுவென்று ஆகிவிடும். இன்னும் போனால் ஸ்விங்ஆர்முக்கும் (பின் சக்கரத்தைத் தாங்கும் கை) டயருக்கும் இடையில் அப்பி, சக்கரம் சுற்றவே மறுக்கும். இறங்கி, குச்சியால் நோண்டி எடுத்துவிட்டுத்தான் மேலே போக முடியும்.

வீட்டுக்கு வந்த மறுநாள் வாட்டர் சர்வீஸில் விடுவேன். டீசல் அடித்து, ஃபோம் போட்டு, பிரஷர் கன்னில் கழுவிப் பளபளவென்று தருவார்கள். பார்க்க ஷோரூம் வண்டி மாதிரி இருக்கும். ஆனால் பின் சக்கரத்தில் கரகர சத்தம். பேரிங் போய்விட்டது என்றார் மெக்கானிக். மாற்றினோம். இந்த மழைக்காலம் முடிவதற்குள் மறுபடியும் அதே சத்தம்.

மண்தான் உள்ளே போகிறதா, கழுவுவதில்தான் ஏதாவது இருக்கிறதா? வீட்டிலேயே கழுவுகிறவர்கள் எப்படிச் செய்கிறீர்கள்? எங்கள் போர் தண்ணீர் உப்பு என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

---

சாவிக்கொத்து | கோவை | மெக்கானிக்

தம்பி, உங்கள் பேரிங்கைத் தின்றது பெரும்பாலும் தண்ணீர். மண் அதற்குத் துணை போயிருக்கும்.

நம்மிடம் வரும் மண்ரோட்டு வண்டிகளில் ஹப்பை, அதாவது சக்கரத்தின் நடுக்குடத்தை, திறந்தால் தெரியும். பேரிங்கில் கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் செங்காவி நிறத்தில் ஒரு குழம்பு இருக்கும். அது துரு. வெளியே இருக்கும் ஆயில் சீலின் உதடு தூசியையும் தெறிக்கும் தண்ணீரையும் தடுக்கச் செய்தது. பிரஷர் கன்னின் முனையை நேராக ஆக்சில் பக்கம் பிடித்தால் அந்த உதடு தாங்காது. வீட்டுக்கு வாங்கும் சின்ன மெஷினே 100 பார் அழுத்தத்துக்கு மேல் அடிக்கிறது, வாட்டர் சர்வீஸ் மெஷின் அதற்கும் மேலே. கேடிஎம்மின் எண்டியூரோ வண்டிக் கையேட்டிலேயே கன் முனைக்கும் வண்டிக்கும் குறைந்தது 60 செ.மீ. இடைவெளி விடச் சொல்லியிருக்கிறார்கள். தண்ணீரில் இறங்கவென்றே செய்த வண்டிக்கே அந்த எச்சரிக்கை.

இன்னொன்று, பலரும் கவனிக்காதது. ஓட்டி முடித்ததும் டிஸ்க், ஹப் எல்லாம் சூடாக இருக்கும். ஹப்புக்குள் இருக்கும் காற்றும் சூடு. அப்போது பச்சைத் தண்ணீரை ஊற்றினால் உள்ளே இருக்கும் காற்று சட்டென்று சுருங்கும். சுருங்கும்போது சீல் வழியாக வெளியே நிற்கும் தண்ணீரை அதுவே இழுத்துக்கொள்ளும். பிரஷர் கன் இல்லாமல் வெறும் பக்கெட் தண்ணீர் ஊற்றினாலும் இது நடக்கும். கையை வைத்தால் சுடாத அளவுக்கு ஹப் ஆறட்டும், அப்புறம் தண்ணீர்.

அதற்காக மறுநாள் வரை விடாதீர்கள். கரிசலில் இருக்கும் களிமண் தண்ணீர் குடித்து உப்பும், காய்ந்தால் சுருங்கி இறுகும். இறுகிய பிறகு அதை எடுக்கப் பிரஷர் கன் தேவைப்படும், அங்கேதான் பிரச்சினையே ஆரம்பம். வண்டி ஆறும் அரைமணி நேரத்தில் மூங்கில் பத்தையாலோ பிளாஸ்டிக் கரண்டியாலோ கட்டி கட்டியாகச் சுரண்டி எடுத்துவிடுங்கள். இரும்பு வேண்டாம், பெயின்ட் போகும். ஸ்விங்ஆர்ம், இன்ஜின் அடியில் இருக்கும் தகட்டின் உள்பக்கம், ஃபுட்ரெஸ்ட் மடங்கும் இடம், முன் ஸ்ப்ராக்கெட் (செயின் ஓடும் பல்சக்கரம்) மூடி, இந்த நான்கிலும் கிலோ கணக்கில் இருக்கும். இதைச் செய்துவிட்டால் பாதி கழுவல் முடிந்த மாதிரி.

பிறகு தோட்டத்து ஹோஸ். அழுத்தம் வேண்டாம், ஓட்டம் நிறைய இருக்கட்டும். ஊறவைத்து, தானாக வழியவிட்டு, அப்புறம்தான் பிரஷ். துணி சோப்புத் தூள் போடாதீர்கள், அது காரம், அலுமினியம் வெளுத்துப் போகும். கார் ஷாம்பூ போதும். சைலன்சர் வாயை அடைத்துவிட்டு ஆரம்பியுங்கள். எக்ஸ்பல்ஸில் அது மேல் நோக்கி இருப்பதால் தண்ணீர் நேராக உள்ளே போகும். கழுவி முடித்ததும் அடைப்பை எடுக்க மறக்கக் கூடாது.

டீசல் விஷயம். சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. டீசல் பளபளப்பைக் கொடுக்கும், அவ்வளவுதான். பேடில் பட்டால் பிரேக் வழுக்கும். காலிப்பர் உள்ளே இருக்கும் ரப்பர் பிரேக் ஆயிலுக்கென்று செய்தது, டீசலும் இன்ஜின் ஆயிலும் அதற்கு விஷம். டீசல் அடிக்க வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டு வண்டியை விடுங்கள். கேட்க மாட்டார்கள் என்றால் விடாதீர்கள்.

---

மழைப்பாதை | பெரியகுளம் | ஹிமாலயன் 411, கேஎல்எக்ஸ் 140

சாவிக்கொத்து அண்ணன் சொல்வதில் பெரும்பகுதி சரி. ஆனால் பிரஷர் கன்னே தொடக் கூடாது என்று படிக்கிறவர்கள் எடுத்துக்கொள்வார்கள், அதை நான் ஏற்க மாட்டேன்.

மலையடிவாரத் தோட்டங்களில் ஓட்டிவிட்டு வந்தால் ஹோஸ் தண்ணீரில் போகாத மண் இருக்கும். ரேடியேட்டர் இல்லாத வண்டிகளில் சிலிண்டர் விலாக்களுக்கு நடுவில் அடைத்த மண் அப்படித்தான். அதை அங்கேயே விட்டால் இன்ஜின் சூடு வெளியேறாது. ரிம், டயர், அடித்தகடு, மட்கார்டின் உள்பக்கம், இங்கெல்லாம் தாராளமாக அடிக்கலாம், அங்கே கெடுவதற்கு எதுவும் இல்லை. ஆக்சில், ஸ்விங்ஆர்ம் பிவட், ஹேண்டில் கழுத்து, ஃபோர்க் சீல், செயின், ஒயர் கப்ளர், மீட்டர், ஏர்பாக்ஸ் (ஏர் ஃபில்டர் இருக்கும் பெட்டி) வாய், இவற்றின் பக்கம் முனையே திரும்பக் கூடாது. விசிறி மாதிரி விரியும் முனையைப் போடுங்கள். ஊசி மாதிரி அடிக்கும் முனையைப் பெட்டியிலேயே வைத்துவிடுங்கள்.

ஆயில் கூலர் அல்லது ரேடியேட்டர் இருந்தால் இன்னும் கவனம். அந்தத் தகடுகள் காகிதம் மாதிரி மெல்லிசு, பிரஷரில் மடங்கிவிடும். இன்ஜின் பக்கம் இருந்து முன்பக்கம் நோக்கி மெதுவாகத் தண்ணீர் விட்டால், மண் எந்த வழியாக உள்ளே வந்ததோ அதே வழியாக வெளியே போகும். முன்னாலிருந்து அடித்தால் இன்னும் ஆழமாகத்தான் இறங்கும்.

---

சாவிக்கொத்து

இதில் எனக்கு மறுப்பு இல்லை. கன் உங்கள் கையில் இருந்தால் அப்படித்தான் செய்ய வேண்டும். வாட்டர் சர்வீஸ் பையன் கையில் இருக்கும்போது அவனுக்கு அடுத்த வண்டி காத்திருக்கிறது, எங்கே அடிக்கக் கூடாது என்று யோசிக்க அவனுக்கு நேரம் கிடையாது. நான் சொன்னது அதைத்தான்.

---

கிள்ளான்_ஓட்டி | மலேசியா | கேடிஎம் 250 இஎக்ஸ்சி

வணக்கம். நாங்கள் செம்பனைத் தோட்டத்துக்குள் ஓட்டுகிறவர்கள். வருஷம் முழுக்க மழை என்பதால் சேறு இல்லாத ஓட்டமே அபூர்வம். பேரிங் பற்றி அண்ணன்மார் சொல்லிவிட்டார்கள். நான் ஏர் ஃபில்டர் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் இன்ஜின் போவது அங்கேதான்.

எங்கள் வண்டிகளில் ஸ்பாஞ்ச் ஃபில்டர். வண்டியைக் கழுவுவதற்கு முன்பே அதைக் கழற்றி எடுத்துவிட்டு, ஏர்பாக்ஸ் வாய்க்குக் கழுவும்போது போடும் மூடியைப் போட்டுவிடுவோம். மூடி இல்லாதவர்கள் கெட்டியான பிளாஸ்டிக் பையை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டலாம். ஃபில்டரை மாட்டியபடியே கழுவினால் அழுக்குத் தண்ணீர் அதில் ஊறி, ஸ்டார்ட் செய்ததும் உள்ளே இழுக்கும்.

பெட்ரோலில் அலசுகிறவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள். ஸ்பாஞ்ச் ஒட்டியிருக்கும் பசை இளகி, தையல் மாதிரி இருக்கும் இணைப்பு பிரிந்துவிடும். மண்ணெண்ணெயும் வேண்டாம் என்றுதான் கேடிஎம் கையேடு சொல்கிறது. ஃபில்டருக்கென்றே விற்கும் கிளீனர்தான் நல்லது. அதில் ஊறவைத்து, பிழிந்து, சோப்புத் தண்ணீரில் அலசி, மறுபடி பிழியுங்கள். உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து அமுக்க வேண்டும், துணி மாதிரி முறுக்கினால் கிழியும். நிழலில் முழுக்கக் காய வேண்டும். ஈரம் இருக்கும்போது ஆயில் போட்டால் அது பிடிக்காது.

ஆயில் போடும்போது கையுறை மாட்டிக்கொண்டு பிசையுங்கள். எல்லா இடமும் ஒரே நிறமாக வரும்வரை பிசைய வேண்டும். வெள்ளைத் திட்டு எங்காவது தெரிந்தால் அந்த வழியாகத் தூசி போகும். கடைசியாக, ஃபில்டர் ஏர்பாக்ஸில் உட்காரும் விளிம்பில் மெல்லிசாக கிரீஸ் தடவுங்கள். நான் பார்த்த வண்டிகளில் தூசி உள்ளே போன வழி பெரும்பாலும் அந்த விளிம்புதான், ஸ்பாஞ்ச் இல்லை. விரலால் ஏர்பாக்ஸின் உள்பக்கம், ஃபில்டருக்கு அப்பால், தடவிப் பாருங்கள். விரலில் மண் வந்தால் ஃபில்டர் சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம்.

நாங்கள் எப்போதும் எண்ணெய் போட்ட ஃபில்டர் ஒன்றைப் பையில் கட்டித் தயாராக வைத்திருப்போம். கழுவி முடித்த உடனே அதை மாட்டிவிடலாம், அழுக்கானதை ஆற அமரக் கழுவலாம்.

---

கரிசல்தடம்

கிள்ளான் அண்ணே, மிக்க நன்றி. எக்ஸ்பல்ஸில் இருப்பது பேப்பர் ஃபில்டர். அதையும் இப்படிக் கழுவலாமா?

---

ஓசூர்_4வி | ஓசூர் | எக்ஸ்பல்ஸ் 200 4வி

கழுவவே கூடாது நண்பா. அந்தக் காகிதம் நனைந்தால் முடிந்தது. தட்டி எடுப்பதோ, கம்ப்ரசர் காற்று அடிப்பதோகூட அதில் இருக்கும் எண்ணெய்ப் பூச்சையும் காகிதத்தையும் கெடுக்கும். அழுக்கானால் மாற்ற வேண்டியதுதான். நிறைய சேற்றில் ஓட்டினால் கையேட்டில் சொன்ன கிலோமீட்டருக்கு ரொம்ப முன்னாலேயே மாற்றுங்கள். ஓடைத் தண்ணீரில் இறங்கிய ஒவ்வொரு முறையும் ஏர்பாக்ஸ் அடியில் இருக்கும் சின்னக் குழாயைப் பாருங்கள். அதில் தண்ணீர் நின்றால் உள்ளே தண்ணீர் வந்திருக்கிறது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சேற்று ஓட்டத்துக்கு மறுநாள் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை, அல்லது கியர் போட்டதும் அணைகிறது என்றால், பிளக், பம்ப் என்று போவதற்கு முன் சைடு ஸ்டாண்டைப் பாருங்கள். ஸ்டாண்ட் போட்டிருந்தால் இன்ஜினை நிறுத்தும் சுவிட்ச் அங்கேதான் இருக்கிறது, சேறு முதலில் அடைப்பதும் அங்கேதான். உள்ளே மண் காய்ந்து இறுகியிருந்தால், ஸ்டாண்டை எடுத்த பிறகும் சுவிட்ச் எடுக்காத மாதிரியே இருக்கும். தண்ணீர் ஊற்றி ஊறவிட்டு, ஸ்டாண்டை நாலு தடவை ஏற்றி இறக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

கப்ளர்களுக்கு டைஎலக்ட்ரிக் கிரீஸ் (மின் இணைப்பில் தண்ணீர் ஏறாமல் காப்பது) வாங்கி ஒரு முறை போட்டுவைத்தால் பிறகு பல மாதம் தொல்லை இல்லை. டபிள்யூடி-40 தண்ணீரை விரட்டும், அதன் பெயரே அதைத்தான் சொல்கிறது. ஆனால் அது கிரீஸும் இல்லை, செயின் லூபும் இல்லை. அடித்துவிட்டு அப்படியே விட்டால் கொஞ்ச நாளில் காய்ந்துவிடும்.

---

தேனி_இம்பல்ஸ் | தேனி | ஹீரோ இம்பல்ஸ்

2011-இல் வந்த இம்பல்ஸை இன்னும் ஓட்டுகிறேன். பின்னால் டிரம் பிரேக். டிரம் வைத்திருப்பவர்கள் இந்த இழையில் குறைவு என்றாலும் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் டிஸ்க்கைப் போல அது தன்னைத்தானே கழுவிக்கொள்ளாது. ஓடையில் இறங்கினால் சேற்றுத் தண்ணீர் டிரம்முக்குள் போய், தண்ணீர் வடிந்த பிறகும் வண்டல் உள்ளேயே தங்கும். ஷூவும் டிரம்மும் அந்த வண்டலை வைத்து உரசிக்கொண்டே இருக்கும். சக்கரத்தைக் கழற்றி, தட்டை எடுத்து, பிரஷ் போட்டுத் துடைத்து, கேம் சுற்றும் இடத்தில் துளி கிரீஸ். அதிகம் வேண்டாம், ஷூவில் பட்டால் பிரேக் போச்சு.

செயின் பற்றி யாரும் சரியாகச் சொல்லவில்லை. மண்ணெண்ணெய், மெத்தென்ற பிரஷ், பிறகு துணி, இவ்வளவுதான். ஓ-ரிங் செயினில் கண்ணிகளுக்கு நடுவில் சின்ன ரப்பர் வளையம் இருக்கும், உள்ளே கம்பெனி அடைத்த கிரீஸை அதுதான் காப்பாற்றுகிறது. பெட்ரோலும் கம்பி பிரஷும் அந்த வளையத்தைக் கொன்றுவிடும். வளையம் போனால் வெளியே எவ்வளவு எண்ணெய் ஊற்றினாலும் உள்ளே போகாது. பிரஷர் கன்னும் இதே வேலையைத்தான் செய்கிறது, அழுக்குத் தண்ணீரை வளையத்தைத் தாண்டித் தள்ளும்.

காய்ந்த பிறகு 90 நம்பர் கியர் ஆயில், செயினின் உள்பக்கம் படும்படி சொட்டு சொட்டாக. ஒரு மணி நேரம் கழித்து மேலே வழிந்ததைத் துடைத்துவிடுங்கள். துடைக்காமல் விட்டால் அடுத்த ஓட்டத்தில் அந்த எண்ணெயே மண்ணைப் பிடித்து வைத்து அரைக்கும். ஸ்ப்ரே லூப் வாங்க முடிந்தவர்கள் வாங்கட்டும், ஆனால் கரிசல், களிமண் பக்கம் ஒட்டும் தன்மை அதிகமுள்ள ஸ்ப்ரே சரிப்படாது என்பது என் கருத்து.

---

மழைப்பாதை

ஃபோர்க் சீல் பற்றி ஒரு வார்த்தை. சேறு ஓட்டிய பிறகு ஃபோர்க் தண்டில் எண்ணெய் வளையம் தெரிந்தால் உடனே சீல் போய்விட்டது என்று காசு செலவழிக்காதீர்கள். பல நேரம் சீலுக்கும் தண்டுக்கும் நடுவில் ஒரு மண் துகள் மாட்டியிருக்கும், அதன் பக்கவாட்டில் எண்ணெய் கசியும்.

மேலே இருக்கும் தூசி சீலை மெல்லிய பிளாஸ்டிக் பட்டையால் நெம்பிக் கீழே இறக்கிவிடுங்கள். இறக்கியதும் உள்ளே பார்த்தால் தெரியும், அரைத்த சந்தனம் மாதிரி மண் வளையமாகப் படிந்திருக்கும். அதை ஈரத் துணியால் துடைத்துவிட்டு, பழைய எக்ஸ்ரே ஃபிலிமில் ஒரு விரல் அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி, ஒரு ஓரத்தில் கொக்கி மாதிரி வளைவு விட்டு, விளிம்பை வழவழப்பாகத் தேய்த்துக்கொள்ளுங்கள். அதைத் தண்டை ஒட்டிச் சீலுக்குள் மெதுவாக நுழைத்து, தண்டைச் சுற்றி ஒரு சுற்று கொண்டுவந்து வெளியே இழுத்தால் துகள் கொக்கியோடு வந்துவிடும். நுழைக்கும் முன் ஃபிலிமில் ஃபோர்க் ஆயில் தடவிக்கொள்ளுங்கள். துடைத்துவிட்டு ஃபோர்க்கை நன்றாக அமுக்கி அமுக்கி விடுங்கள். மறுபடி எண்ணெய் வந்தால்தான் சீல் மாற்றும் பேச்சு.

இதெல்லாம் வரக் கூடாது என்றால், ஓட்டி வந்ததும் வேறு எதைச் செய்யாவிட்டாலும் ஃபோர்க் தண்டில் இருக்கும் சேற்றை மட்டுமாவது ஈரமாக இருக்கும்போதே துடைத்துவிடுங்கள். காய்ந்த சேற்றோடு வண்டியை அமுக்கினால் அதுவே உப்புத்தாள்.

---

புதுத்தடம் | சேலம்

ஒரு அவசரக் கேள்வி. நேற்று ஓடையைக் கடக்கும்போது வண்டி நடுவில் அணைந்து சாய்ந்துவிட்டது. தள்ளிக்கொண்டு வந்தோம். இன்னும் ஸ்டார்ட் செய்யவில்லை. டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தால் ஆயில் வெளுத்துப் பால் கலந்த நிறத்தில் இருக்கிறது. ஸ்டார்ட் செய்து பார்க்கலாமா?

---

சாவிக்கொத்து

செய்யாதே தம்பி! சுவிட்சைத் தொடவே தொடாதே.

சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் பிஸ்டன் மேலே வரும்போது தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராடு வளையும். முதலில் பிளக்கைக் கழற்று. ஏர்பாக்ஸைத் திறந்து ஃபில்டர் நனைந்திருந்தால் வெளியே எடு. பிளக் துளையை நோக்கி முகத்தை வைக்காமல், கிக்கர் இருந்தால் கையால் மெதுவாக அமுக்கு. இல்லாவிட்டால் உச்ச கியரில் போட்டுப் பின் சக்கரத்தைக் கையால் சுற்று. தண்ணீர் துளை வழியாகப் பீய்ச்சி வரும். வருவது நிற்கும்வரை செய்.

ஆயில் வெளுத்திருக்கிறது என்றால் இன்ஜின் அடிப்பெட்டிக்குள்ளும் தண்ணீர் போயிருக்கிறது, அநேகமாக மூச்சுக் குழாய் வழியாக. அந்த ஆயிலை முழுக்க வடித்துவிடு. முதலில் சுத்தத் தண்ணீர்தான் வடியும், அது ஆயிலை விடக் கனம் என்பதால் அடியில் தங்கியிருக்கும். ஆயில் ஃபில்டரும் மாற்று. விலை குறைந்த ஆயில் ஊற்றி, கொஞ்ச நேரம் மெதுவாக ஓடவிட்டு, அதையும் வடித்துவிட்டுப் பார். இன்னும் வெளுப்பு தெரிந்தால் மறுபடி ஒரு முறை. நல்ல ஆயில் அதற்கப்புறம்தான். டேங்கில் தண்ணீர் போயிருக்கிறதா என்றும் பார். தெரியாவிட்டால் வண்டியை அப்படியே பக்கத்து மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போ, ஆனால் இன்றைக்கே போ. தண்ணீர் கலந்த ஆயில் கிடக்கும் ஒவ்வொரு நாளும் உள்ளே துரு ஏறும்.

---

புதுத்தடம்

பிளக்கைக் கழற்றிச் சக்கரத்தைச் சுற்றினேன் அண்ணே. நீங்கள் சொன்ன மாதிரியே பீய்ச்சி வந்தது. ஆயிலை வடிக்க மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போகிறேன். நன்றி என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட முடியாது.

---

உடன்குடி_மணல் | உடன்குடி

எங்கள் பக்கம் சேறு குறைவு, தேரி மணலும் கடற்கரையும்தான். சேற்றைவிட உப்பு மோசமானது. சேறு கண்ணுக்குத் தெரியும், உப்பு தெரியாது. கடலோரம் ஓட்டினால் அன்றைக்கே நல்ல தண்ணீரில் அலச வேண்டும், வண்டி சுத்தமாகத் தெரிந்தாலும் சரி. ஸ்போக்ஸ் கம்பி ரிம்மில் இறங்கும் நிப்பிள்தான் முதலில் பிடித்துக்கொள்ளும். பிடித்துவிட்டால் பிறகு கம்பியை முறுக்கிச் சரிசெய்யவே முடியாது, திருகினால் உடையும்.

கரிசல்தடம் கேட்ட போர் தண்ணீருக்கும் இதுதான் பதில். உப்புத் தண்ணீரில் கழுவலாம், ஆனால் அதோடு காயவிடாதீர்கள். கடைசி அலசலுக்கு மட்டும் ரெண்டு குடம் மழைத் தண்ணீரோ குடிதண்ணீரோ போதும். வெயிலில் நிறுத்திக் காயவைக்காமல் துணியால் துடைத்துவிடுங்கள்.

கழுவி முடித்ததும் ஸ்போக்ஸ் கம்பிகளை ஒவ்வொன்றாகச் சின்ன ஸ்பேனரால் தட்டிப் பாருங்கள். இறுக்கமானது கணீரென்று சொல்லும், தளர்ந்தது மொத்தென்று சொல்லும். சேற்றோடு தட்டினால் எல்லாம் ஒரே மாதிரி கேட்கும், அதனால்தான் கழுவிய பிறகு.

---

கரிசல்தடம்

நீங்கள் எல்லாரும் எழுதியதை வைத்துக்கொண்டு பின் சக்கரத்தைக் கழற்றினேன். பார்த்ததை எழுதுகிறேன், மற்றவர்களுக்கும் உதவும்.

டிஸ்க் பக்கத்து சீல் நன்றாக இருந்தது. ஸ்ப்ராக்கெட் பக்கத்து சீலின் உதடு ஒரு இடத்தில் உள்பக்கமாக மடங்கி, நகம் அகலத்துக்கு வாய் திறந்திருந்தது. அதன் வழியாகச் சாம்பல் நிறத்தில் களி மாதிரி மண் நுழைந்து, பேரிங்கின் மேல் மூடி மாதிரி அப்பியிருந்தது. பேரிங்கை விரலால் சுற்றினால் கரகரவென்று தட்டித் தட்டிச் சுற்றுகிறது. நடுவில் இருக்கும் குழாய் வெளியே முழுக்கத் துரு. ஆக்சிலை உருவவே ரப்பர் சுத்தியல் வேண்டியிருந்தது, அதில் ஒரு துளி கிரீஸ்கூட இல்லை. போன முறை பேரிங் மாற்றிய கடையில் சீலை மாற்றாமல் பழையதையே திருப்பி அடித்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

இந்த முறை கழுவியதெல்லாம் வீட்டில்தான். ஆறவிட்டு, சுரண்டி, ஹோஸ் போட்டு, கடைசியில் ரெண்டு குடம் நல்ல தண்ணீர். அப்புறம் ஊர் எல்லை வரை ஒரு சுற்று ஓட்டிக் காயவைத்தேன். பிரேக்கும் காய்ந்தது. வாட்டர் சர்வீஸ் பளபளப்பு வரவில்லை, அதைப் பற்றி எனக்குக் கவலையும் இல்லை.

ரெண்டு கேள்வி. எந்த பேரிங், எந்த கிரீஸ் வாங்க வேண்டும்? மீட்டரில் ஏபிஎஸ் விளக்கு அணையாமல் எரிகிறது, அதுவும் சேற்று வேலையா?

---

சாவிக்கொத்து

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் காரணம் அந்த சீல்தான். பேரிங் மாற்றும்போது ஆயில் சீலையும் மாற்ற வேண்டும், விலை சொற்பம். புது சீலின் உதட்டில் கிரீஸ் தடவிவிட்டு உட்காரவைக்க வேண்டும். காய்ந்தபடி அடித்தால் ஆக்சில் புஷ் நுழையும்போதே உதடு மடங்கும்.

ரெண்டு பக்கமும் ரப்பர் மூடி உள்ள பேரிங்காகக் கேளுங்கள். எஸ்கேஎஃப்பில் எண்ணுக்குப் பின்னால் 2ஆர்எஸ்எச் என்று இருக்கும், என்எஸ்கேயில் டிடியு, என்டிஎன்னில் எல்எல்யு. தகரமூடி போட்டது சேற்றுக்கு உதவாது. பழைய பேரிங்கின் எண்ணைப் பார்த்தே வாங்குங்கள், ஸ்ப்ராக்கெட் தாங்கியில் தனியாக இருக்கும் பேரிங்கையும் சேர்த்து. மாட்டும்போது வெளி வளையத்தில் மட்டும் அடி விழ வேண்டும். உள் வளையத்தில் அடித்தால் புது பேரிங்கும் அன்றைக்கே செத்தது. நடுக்குழாயை வைக்காமல் ரெண்டு பேரிங்கையும் இறக்கிவிடாதீர்கள், மறுபடி பிடுங்க வேண்டிவரும்.

கிரீஸ், சாதாரண வண்டிக்கு ஏபி3 போதும். உங்களைப் போல ஓடையில் இறங்குகிறவர்களுக்குக் கால்சியம் சல்ஃபோனேட் வகை, அல்லது படகுகளுக்கு விற்கும் கிரீஸ் நல்லது, தண்ணீரில் கழுவிப் போகாது. பழைய கிரீஸின் மேலேயே புதியதைப் பூசாதீர்கள். வேறு வேறு வகை கலந்தால் இளகி ஓடும். ஆக்சிலை நன்றாகத் துடைத்துவிட்டு முழு நீளத்துக்கும் மெல்லிசாகத் தடவுங்கள், பிடிப்பதற்கு இல்லை, துரு ஏறாமல் இருக்க.

ஏபிஎஸ் விளக்கு, பெரும்பாலும் சேறுதான். உங்கள் எக்ஸ்பல்ஸ் 200 4வி-யில் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காப்பது) முன் சக்கரத்துக்கு மட்டும். முன் டிஸ்க் பக்கத்தில் துளை துளையாக ஒரு வளையம் சுற்றும், அதை ஒட்டி விரல் நுனி அளவுக்கு ஒரு சென்சார் இருக்கும். ரெண்டுக்கும் நடுவில் இருக்க வேண்டிய சந்தில் மண் அடைத்திருக்கும், அல்லது ஒயரைக் கல் தட்டியிருக்கும். பல்துலக்கும் பிரஷ்ஷும் தண்ணீரும் போதும், இரும்பு எதுவும் வேண்டாம். சுத்தம் செய்த பிறகு கொஞ்ச தூரம் ஓட்டினால்தான் விளக்கு அணையும், நின்ற இடத்தில் அணையாது. அப்படியும் எரிந்தால் ஒயரை மேலே வரை தடவிப் பாருங்கள், வெட்டுப்பட்டிருந்தால் விரலுக்குத் தெரியும்.

---

கரிசல்தடம்

வளையத்தின் துளைகள் எல்லாம் கரிசலால் அடைத்திருந்தன. பிரஷ் போட்டு எடுத்துவிட்டு வைப்பாற்றுப் பாலம் வரை போய்வந்தேன், விளக்கு அணைந்துவிட்டது. பேரிங்கும் சீலும் வாங்க நாளைக்குக் கோவில்பட்டி போகிறேன்.

---

தேனி_இம்பல்ஸ்

போகிற கையோடு முன் ஸ்ப்ராக்கெட் மூடிக்கு ரெண்டு போல்ட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். அதைத் திறந்து மண் எடுக்கும்போது பழையது வழுக்கிப் போகும். அந்த மூடிக்குப் பின்னால்தான் கியர் தண்டின் ஆயில் சீல் இருக்கிறது, அங்கே அடைத்த மண்ணை விட்டால் அடுத்து ஒழுகப்போவது அது.